எண்டரை நீயே தட்டு

பிரிண்டர் அக்கா யாரையும் முதலில் திட்டிவிட்டு அப்புறம் அடித்ததாக எனக்கு நினைவில்லை. முதலில் அடிதான். காரணம் என்ன என்பதை அடி வாங்கியவன்தான் கன்னத்தைத் தடவிக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் காரணம் நியாயமாக இருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வாங்கினேன். மந்தாரக்குப்பம் போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒரு காண்ட்ராக்டர் ஆபீஸ் அது. நிலக்கரி மைன்சுக்குள், கரி ஓடும் பெல்ட்டின் அடியில் கொட்டுவதை வாரிப் போட ஆட்களை அனுப்புவது எங்கள் முதலாளியின் தொழில். ஆபீசில் பத்து மேசை, பத்து கம்ப்யூட்டர். யார் எதைப் பிரிண்ட் கொடுத்தாலும் அது மூலை அறையில் இருந்த ஒரு பழைய பெட்டிக்குப் போய் வரிசையில் நிற்கும். அந்தப் பெட்டிக்கு மவுஸ் கிடையாது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். அதன் முன்னால் அக்கா உட்கார்ந்திருப்பார்.

நான் உள்ளே போய், "அக்கா, என் லெட்டர் கொஞ்சம் அவசரம்" என்று சொல்லிக்கொண்டே கீபோர்டில் கை வைத்தேன். ஸ்டீல் ஸ்கேல் விரல் முட்டிமேல் இறங்கியது. தோல் பிய்ந்துவிட்டது.

"இன்னாய்யா அவசரம்? உன்னோடது நூத்தி நாப்பத்தி ரெண்டு. இப்ப நூத்தி முப்பத்தி ஒம்போது ஓடிகினு கீது. எண்ணத் தெரியும் இல்ல?"

என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். நான் பி.காம். அவர் பத்தாவது. ஆனாலும் அன்றிலிருந்து அக்காதான்.

அந்தக் கறுப்புத் திரையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அக்காவைப் புரிந்துகொள்ள முடியாது. lp என்று அடித்தால் தாள் வரிசைக்குப் போகும், ஒரு நம்பர் கிடைக்கும். lpstat என்று அடித்தால் எந்த நம்பர் யார் கொடுத்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று வரிவரியாக வரும். cancel என்று அடித்து நம்பரைப் போட்டால் அந்த வேலை போயே போய்விடும். குறிஞ்சிப்பாடியில் அக்காவின் அண்ணன் ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து நொடித்துப் போனவர். அவர்தான் இந்தக் கட்டளைகளைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாராம். அந்த அட்டை சுவரில் தொங்கியது. அக்கா அதைப் பார்த்து நான் கண்டதில்லை.

கட்டளை எத்தனை இருந்தாலும், அக்கா தன் கையால் cancel மட்டும் போட்டு முடிக்கவே மாட்டார். யாராவது தப்பான தாளைக் கொடுத்துவிட்டு ஓடி வந்து, "அக்கா, நிறுத்துங்க, தேதி மாறிப் போச்சு" என்று கத்தினால், cancel என்று அடிப்பார், நம்பரையும் அடிப்பார். அப்புறம் கீபோர்டை அப்படியே வந்தவன் பக்கம் திருப்பிவிடுவார்.

"எண்டர நீயே தட்டு."

"நீங்களே தட்டுங்களேன்க்கா."

"நீ குடுத்த வேல. நீதான் கொல்லணும். நான் கொன்னா நாளைக்கி வந்து அந்தப் பொம்பளதான் அழிச்சிட்டான்னுவ."

கொடுத்தவன் வரவில்லையென்றால் அது தப்போ ரைட்டோ ஓடி முடியும். முடிந்ததும் அந்தத் தாள் கட்டையே சுருட்டி, கொடுத்தவன் மண்டையில் போடுவார். ஒருமுறை இருநூறு தாள் கட்டு. எங்கள் கேஷியருக்கு ஒரு வாரம் கழுத்து திரும்பவில்லை.

முதலாளிக்கு ஒரு மச்சான். ஆள் எருமைக்கடா உடம்பு, கழுத்தில் பட்டைச் செயின், ஆபீசில் அவனுக்கு என்ன வேலை என்று அவனுக்கே தெரியாது. ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு, ஆறு மணி ஷிப்டுக்கு பாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, புதுமனை புகுவிழாப் பத்திரிகையை முந்நூறு காப்பி கொடுத்துவிட்டு வந்து நின்றான். ஜன்னலுக்கு வெளியே சேத்தியாத்தோப்பு பஸ்சில் வந்து இறங்கிய ஆட்கள் தூக்குச்சட்டியோடு நின்றிருந்தார்கள். பாஸ் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஆறு மணி தாண்டினால் அன்றைக்கு வேலை இல்லை.

"என்னோடத முன்னாடி தள்ளு" என்றான் மச்சான். "அதுக்கு ஒரு வழி இருக்குதாமே? q போட்டு நூறுன்னா முன்னாடி போயிடுமாமே? என் பசங்க சொன்னானுங்க."

"கீது. எனக்கும் தெரியும்."

"அப்பறம் இன்னா? போடு."

அக்கா போட்டார். ஸ்டேப்ளரை. புருவத்துக்கு மேலே பட்டு, ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, மச்சான் சட்டையெல்லாம் சிவப்பு. நாலு தையல். எங்கள் பத்துப் பேருக்கும் அன்று மனசுக்குள் தீபாவளிதான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். "ஷிப்டு பாஸ் நிறுத்திட்டு உங்க மச்சான் பத்திரிகய அடிக்கச் சொல்றீங்களா, எழுதிக் குடுங்க" என்று அக்கா கேட்டதும், முதலாளி அவரைத் திரும்ப வேலைக்கே அனுப்பிவிட்டார். ஆட்கள் உள்ளே போகவில்லை என்றால் அடி விழுவது அவர் காண்ட்ராக்ட்டுக்குத்தானே. மச்சான் மட்டும் தையல் போட்ட புருவத்தைத் தடவியபடி அந்த அறைப் பக்கமாகவே பார்ப்பான்.

அக்கா செய்தது எல்லாம் சரி என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருவர் வருவார், சாதுவான மனிதர். போனுக்குச் சார்ஜ் போட அவர் ஒரு பிளக்கைப் பிடுங்கினார், அது அந்தப் பெட்டியுடைய பிளக். திரை அணைந்து, பெட்டி மறுபடி எழுந்து வர பத்து நிமிஷம் ஆனது. அதற்குள் ஷிப்டு பஸ் போய்விட்டது. நாற்பது பேர் வெளியே நின்றுவிட்டார்கள். அக்கா எழுந்து போய் அந்த மனிதரை அறைந்த அறையில் மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. அவர் கேனை வைத்துவிட்டுப் போனார், மறுநாள் வரவில்லை.

மூன்றாவது நாள் அக்கா அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே, நான் தெரியாம அடிச்சிட்டன். திருப்பி அடிங்க" என்று வாசலில் போய் நின்றார்.

"ஐயய்யோ, அதெல்லாம் வேணாம் தாயி, உள்ள வாங்க" என்றார் அவர்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "அவுரு அடிக்க மாட்டாரு. நான் அடிக்கிறன்" என்று சொல்லி, விட்டார் பாருங்கள் ஒன்று. அக்காவுக்குப் பொட்டு கலைந்துவிட்டது. அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க" என்றார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா, "இன்னா கைய்யா அது, இரும்பு கணக்கா" என்று பாராட்டிக்கொண்டே வந்தார்.

அவர் வாங்காத அடியும் இல்லை. புருஷன் ஒருவன் இருந்தான், குடிக்காத நாளிலும் அடிக்கிற ரகம். ஒருநாள் மத்தியானம் ஆபீசுக்கே வந்துவிட்டான். சாப்பாடு வைக்காமல் வந்துவிட்டாராம். வந்த வேகத்தில் தலைமுடியைப் பிடித்து பிரிண்டர் மூடியின்மேல் இரண்டு தடவை மோதினான். நாங்கள் ஒன்பது பேர் ஆண்கள் அங்கே இருந்தோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. புருஷன் பொண்டாட்டி விஷயம் என்று நான்தான் முதலில் சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அப்போதும் இரண்டு மணி ஷிப்டு பாஸ் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றியில் ரத்தம் வழிய வழிய அக்கா தாளை எண்ணி அடுக்கி, ஜன்னல் வழியாகக் கடைசி ஆள் வரைக்கும் கொடுத்து முடித்தார். முந்தானையால் நெற்றியை ஒருதரம் துடைத்தார். பிறகு மைப்பொடி தீர்ந்துபோன டோனர் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்த புருஷனை அதால் அடித்தார். மொத்தம் எத்தனை அடி என்று யாரும் எண்ணவில்லை. அவன் முகமெல்லாம் கரிப்பொடி, நடுவில் ரத்தம். அதற்கப்புறம் அவன் ஆபீஸ் பக்கம் வரவில்லை. வீட்டில் அடிப்பதை நிறுத்தினானா என்று நான் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவரிடம் ஆட்களுக்கு எப்படிப் பாசம் வந்தது என்றால், காரணம் மழைதான். மைன்சுக்குள் மழை பெய்தால் கரிச்சேற்றில் பாஸ் நனைந்து கூழாகிவிடும். ஆட்கள் ஜன்னலில் வந்து தலையைச் சொறிவார்கள். வேறு ஆபீசாக இருந்தால் மறுபடி மனு எழுது, போட்டோ கொண்டு வா என்று ஒரு வாரம் அலையவிடுவார்கள். அக்கா அந்தப் பெட்டியில் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். ஓடி முடிந்த தாளையும் அது அழிக்காது, உள்ளேயே பத்திரமாக வைத்திருக்கும். நம்பரைப் போட்டு, restart என்று ஒரு வார்த்தை சேர்த்தால், அன்றைக்கு வந்த தாள் அதே தேதி, அதே நேரம், அதே எழுத்தோடு மறுபடியும் வரும். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மண்டையில் ஒரு குட்டு, அடுத்த நிமிஷம் புது பாஸ். குட்டு வாங்கிக்கொண்டு சிரித்தபடியே போவார்கள்.

அப்படிக் குட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களில் ஏழுமலையும் ஒருவன். வயலை மைன்சுக்கு எடுத்துக்கொண்டுவிட, அதே மைன்சில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவன். முப்பது வயதுதான் இருக்கும். ஒருநாள் காலை ஷிப்டில் பெல்ட் அடியில் கரி வாரும்போது அவன் சட்டைக் கை ரோலரில் மாட்டியது. வலது கை தோளோடு போய்விட்டது.

பெல்ட்டுக்குத் தடுப்புக் கம்பி போடாத இடத்தில் முதலாளி ஆளை இறக்கியிருந்தார். அது வெளியே தெரிந்தால் காண்ட்ராக்ட் போய்விடும். அதனால் அன்றைக்கு ஏழுமலை வேலைக்கே வரவில்லை, திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து இரும்பு பொறுக்கப் போனான் என்று ஒரு கதை கட்டினார். கேட்டில் எழுதுவது பேர் இல்லை, பாஸ் நம்பர்தான். முந்நூற்றுப் பதினெட்டு உள்ளே போனது என்று கேட் நோட்டில் இருந்தது. முந்நூற்றுப் பதினெட்டு யார் என்பது எங்கள் ஆபீஸ் லிஸ்ட்டில்தான் இருக்கும். அந்த லிஸ்ட்டைத் தினமும் அடித்துப் பிரிண்ட் கொடுக்கிறவன் நான்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். முந்நூற்றுப் பதினெட்டில் வேறொருவன் பேரைப் போட்டுப் புதுசாக ஒரு லிஸ்ட் அடிக்கச் சொன்னார். பழையதை என் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொன்னார். மச்சான் பக்கத்தில் நின்று என் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தான். நான் அடித்தேன், அழித்தேன். தாளில் இருந்த காப்பிகளை மச்சான் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தினான். அக்காவின் பெட்டிக்குள் இன்னொன்று இருப்பதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். மறக்கவில்லை. யாருக்கும் அது தோன்றாமல் போனால் நல்லது என்று இருந்தேன்.

ஏழுமலை பிழைத்துக்கொண்டான். வேலையில் அடிபட்டவன் என்று எழுதினால்தான் அவனுக்கு மேற்கொண்டு வைத்தியம், அவன் மனைவிக்கு ஒரு வேலை. திருடன் என்று எழுதினால் கையும் போய், மேலே போலீஸ் கேசு.

நாலாம் நாள் மத்தியானம் அவன் மனைவி அஞ்சலை ஜன்னலில் வந்து நின்றாள். இரண்டு மணி ஷிப்டுக்கு ஆட்கள் நானூறு பேர் வெளியே கூடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அன்னிக்கி அவருக்கு நீங்கதான பாஸ் குடுத்தீங்க? திருடன்னு சொல்றாங்கக்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

அக்கா அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. தட்டித் தேடினார். ஓடி முடிந்த வேலைகள் வரிவரியாகத் திரையில் ஏறின. என் மேசையிலிருந்து கதவு வழியாக எனக்கு அது தெரிந்தது.

"கீது" என்றார் அக்கா. "பதினோரு பக்கம். காலைல அஞ்சி இருவது." பிறகு ஆபீசே கேட்கும்படி என்னைப் பார்த்துக் கத்தினார். "யோவ்! அன்னிக்கி லிஸ்ட் நீதான குடுத்த? உன் பேருதான் போட்டுகீது. இன்னொருவாட்டி வுடறன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. restart போட்டு எண்டரைத் தட்டினார். பிரிண்டர் சூடேறி முனகியது. முதல் பக்கம் வந்தது.

மச்சான் பாய்ந்து உள்ளே போனான். முதல் மூன்று பக்கத்தையும் அள்ளிக் கிழித்தான். "நிறுத்துடி" என்றான். அக்கா எழுந்து அவன் முகத்தில் குத்தினார். அவன் அக்காவின் கொண்டையைப் பிடித்து மேசை விளிம்பில் முகத்தை மோதினான். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்து அவன் பிரிண்டரைத் தூக்கி எறியப் போனான். கதவருகே நின்ற முதலாளி அலறினார்.

"டேய், மெஷின்ல கை வைக்காத! ரெண்டு மணிக்கு பாஸ் வரலன்னா வெளிய நிக்கறவனுங்க கொளுத்திடுவானுங்க! அவளச் சொல்லி நிறுத்து!"

மெஷின் தப்பித்தது. மச்சான் அக்காவின் வலது கையை இழுத்து இரும்பு மேசையின் டிராயருக்குள் வைத்தான். முழங்காலால் டிராயரை இடித்துச் சாத்தினான். அக்கா போட்ட சத்தத்தை நான் எழுத முடியாது. அவன் டிராயரைத் திறந்தான், மறுபடியும் சாத்தினான். நாலாவது பக்கம் வந்தது. அஞ்சாவது வந்தது. வெளியே அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வுட்டுடுங்கடா, வுட்டுடுங்கடா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நிறுத்துறியா இல்லியா?"

அக்கா வாயிலிருந்த ரத்தத்தை அவன் சட்டைமேல் துப்பினார். இடது கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"அது அவுரு குடுத்த வேல. நிறுத்தணும்னா அவுரு வந்து நிறுத்தணும். வேற எவனும் நிறுத்த முடியாது."

அதுவரைக்கும் என்னை அவர் 'அவுரு' என்று சொன்னதே இல்லை. யோவ்தான், நீதான். அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் அக்கா செய்த ஒரே தப்பு அதுதான் என்று நினைக்கிறேன். கொடுத்தவன் தன் வேலையைத் தானே கொல்லமாட்டான் என்று என்மேல் பந்தயம் கட்டிவிட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் டிராயரில் அக்காவின் கையை வைத்தபடியே, "வாடா" என்றான்.

போனேன். அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பொம்பளையைத் தாண்டிப் போய், கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். cancel அடித்தேன். நம்பரை அடித்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பெட்டிக்குள் அந்த லிஸ்ட் பத்திரமாக இருந்திருக்கும், இன்னொரு நாள் எடுத்திருக்கலாம். நான் -x என்று ஒன்றையும் சேர்த்தேன். அதைச் சேர்த்தால் உள்ளே வைத்திருப்பதும் சுவடில்லாமல் அழிந்துவிடும். அது அந்த மச்சானுக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. பயந்தவன் கேட்டதற்குமேல் செய்வான். நான் செய்தேன். எண்டரைத் தட்டினேன்.

ஆறாவது பக்கம் வந்து விழுந்தது.

மச்சான் அக்காவை விட்டான். அக்கா நாற்காலியிலிருந்து கீழே சரிந்தார். "அவ்ளோதான, இதுக்குத்தான இவ்ளோ ஆட்டம்" என்று அவன் சட்டையைத் துடைத்துக்கொண்டான்.

பிரிண்டர் நிற்கவில்லை. ஏழாவது பக்கம் வந்தது. எண்டர் தட்டினால் நிற்பது பெட்டிக்குள் இருக்கும் மிச்சம்தான், பிரிண்டர் ஏற்கெனவே விழுங்கிவிட்ட பக்கங்கள் வந்தே தீரும். அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் பிளக்கைப் பிடுங்கியிருப்பேனோ என்னவோ, அதையும் மறைப்பானேன். எட்டாவது பக்கம் வந்தது. அதன் கடைசி வரிக்கு இரண்டு வரி மேலே முந்நூற்றுப் பதினெட்டு, ஏழுமலை, அவன் போட்டோ, கீழே தேதி, காலை ஐந்து இருபது.

அஞ்சலையின் கை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து, ஜன்னலை ஒட்டியிருந்த பிரிண்டரிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தது. மச்சான் திரும்புவதற்குள் அவள் கூட்டத்துக்குள் ஓடிவிட்டாள். "என் வூட்டுக்காரரு பேரு கீதுங்க! இதோ கீதுங்க!" என்று அவள் கத்தியது கேட்டது. பிறகு நானூறு பேரும் உள்ளே வந்தார்கள். மச்சானை வெளியே இழுத்துப் போய் ரோட்டில் போட்டு மிதித்தார்கள். முதலாளி பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். ஜன்னல் கண்ணாடி, பத்து கம்ப்யூட்டர், நாற்காலி எல்லாம் தூள். ஒருவன் என் சட்டையைப் பிடித்து அடிக்கக் கை ஓங்கினான். அஞ்சலை குறுக்கே வந்து விழுந்தாள்.

"அவர ஒண்ணும் பண்ணாதீங்க! அவருதான் மெஷின நிறுத்தாம வுட்டாரு! நான் பாத்தன்!"

அவன் கையை இறக்கிவிட்டு என்னைக் கும்பிட்டான். நானும் திருப்பிக் கும்பிட்டேன்.

அக்காவுக்கு நாலு விரல் உடைந்திருந்தது. மூன்று பல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு மறுநாள் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. மற்ற கண்ணால் என்னைப் பார்த்தார்.

"எக்ஸும் போட்டியா?"

"போட்டேங்க்கா."

நான் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒரு அடி விழுந்தால் தேவலை என்றிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த ஒரு பக்கத்த வெச்சிகினு ஒண்ணும் நிக்காது. இதுதான் டூப்ளிகேட்டுன்னு அவனுங்க மாத்திப் பேசுவானுங்க. இனிமே எடுக்கறதுக்குப் பெட்டிலயும் இல்ல. ரெண்டாவது லிஸ்ட்ட அடிச்சது நான்தான்னு என்கொயரில நீ வந்து சொல்லணும்."

"என்ன வெட்டிடுவாங்கக்கா."

"வெட்டட்டும்" என்றார்.

என்கொயரி கடலூரில் நடந்தது. போனேன். வீரம் எல்லாம் இல்லை, அந்த ஒரு கண்ணை நினைத்துக்கொண்டு போனேன். ரெண்டாவது லிஸ்ட் என் கையால் அடித்தது, யார் சொல்லி அடித்தேன், எந்த மேசையில் அடித்தேன் என்று எல்லாம் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். cancel போட்டதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா மூன்றடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரும் சொல்லவில்லை.

ஏழுமலை வேலையில் இருந்தவன்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வராந்தாவில் அஞ்சலை ஓடி வந்து என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை இல்லன்னா எங்க குடும்பமே இல்லண்ணே" என்று அழுதாள். பக்கத்தில் ஏழுமலை ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டபடி நின்றான். நான் கையை இழுக்கப் பார்த்தேன், அவள் விடவில்லை.

பிரிண்டர் அக்கா எங்களைக் கடந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். மாவுக்கட்டுப் போட்ட கையை முந்தானையால் மூடியிருந்தார். ஒரு நிமிஷம் நின்றார்.

"வுடும்மா" என்றார் அஞ்சலையிடம். "அவருக்குக் கை வலிக்கப் போவுது."